ஆறு நான்முகிகளைச் சேர்த்தால் எத்தனை வடிவங்கள்: 23ஆ, 24ஆ, 39ஆ?

செங்கோணம் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரின் தோ பாயோவில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளத்தில், உயர்நிலை மூன்றிலும் நான்கிலும் படிக்கும் சில பிள்ளைகளுடன் வார இறுதிகளில் கணிதப் புதிர்களைச் செய்து வருகிறேன். அண்மையில் சமபக்க முக்கோணங்களைப் பக்கத்தோடு பக்கம் சேர்த்து எத்தனை தட்டை வடிவங்கள் கிடைக்கும் என்று எண்ணினோம். நான்கு முக்கோணங்களுக்கு 3, ஐந்துக்கு 4, ஆறுக்கு 12 என்று எல்லாருக்கும் ஒரே விடை வந்தது. அதன்பின் ஒரு மாணவி, முக்கோணத்துக்குப் பதிலாக ஒழுங்கு நான்முகிகளை (நான்கு சமபக்க முக்கோணங்களை முகங்களாகக் கொண்ட திண்மங்களை) சேர்த்தால் என்ன ஆகும் என்று கேட்டாள். எல்லாம் ஒரே அளவு, ஒரு முகம் இன்னொன்றின் முகத்தோடு முழுமையாகப் பொருந்த வேண்டும், ஒன்றுக்குள் ஒன்று புகக் கூடாது என்பவை மட்டுமே விதிகள்.

தடித்த அட்டையில் 6 சென்டிமீட்டர் விளிம்புள்ள நான்முகிகளைச் செய்து ஒட்டிப் பார்த்தோம். ஒன்று, இரண்டு, மூன்று நான்முகிகள் வரை ஒரே ஒரு வடிவம்தான். நான்கில்தான் கருத்து வேறுபாடு தொடங்கியது. ஒரு குழு 3 என்றது, மற்றது 4 என்றது. ஐந்தில் அவர்களுடைய விடைகள் 7, 10 என்று விலகின. ஆறில் முதல் குழு 23 வடிவங்களும் இரண்டாம் குழு 39 வடிவங்களும் செய்து முடித்தன. ஆனால் முதல் குழுவின் விதிப்படியே ஒரு மாணவன் எழுதிய கணினி நிரல் 24 என்கிறது. எந்த வடிவம் விடுபட்டது என்று பிள்ளைகள் தேடிக்கொண்டே இருக்கிறார்கள்.

இதோடு இன்னொரு ஐயமும் உண்டு. ஐந்து நான்முகிகளை ஒரே விளிம்பைச் சுற்றி அடுக்கினால், ஒட்டும் பட்டையை இழுத்துப் பிடித்து முதலாவதையும் ஐந்தாவதையும் சேர்த்துவிட முடிகிறது. அதை மூடிய வளையமாகக் கொள்ளலாமா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் பிள்ளைகளிடம் காட்டுவேன்.

நிகரன் மறுமொழி:

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். முதலில் 3, 4 என்ற வேறுபாட்டை எடுத்துக்கொள்கிறேன். இரு குழுக்களின் விடையும் சரியே. ஆடிப் பிம்பங்களை ஒன்றாகக் கொள்வதா, தனித்தனியாகக் கொள்வதா என்பதில்தான் அவர்கள் பிரிகிறார்கள்.

நான்கு நான்முகிகளைச் சேர்க்க இரண்டே வழிகள் உள்ளன. நடுவில் ஒன்றை வைத்து அதன் மூன்று முகங்களில் மற்ற மூன்றையும் ஒட்டுவது ஒரு வழி. அ, ஆ, இ, ஈ என்று சங்கிலியாக ஒட்டுவது மற்றது. சங்கிலியில் ஆ, இ ஆகிய இரண்டும் சேரும் முக்கோணத்தைக் கவனியுங்கள். அதற்கு மூன்று விளிம்புகள் உள்ளன. ஆவின் மேல் ஒட்டும் அ அவற்றில் ஒரு விளிம்பை ஒட்டியே அமரும், இயின் மேல் ஒட்டும் ஈயும் அப்படியே. இரண்டும் ஒரே விளிம்பைத் தேர்ந்தால் நான்கும் அந்த விளிம்பைச் சுற்றி விசிறிபோல் அமையும், அந்த வடிவம் தன் ஆடிப் பிம்பத்தோடு ஒத்துப்போகும். வேறு வேறு விளிம்புகளைத் தேர்ந்தால் அயிலிருந்து ஈக்குச் செல்லும் திருப்பம் வலஞ்சுழியாகவோ இடஞ்சுழியாகவோ இருக்கும். சங்கிலியை எந்த முனையிலிருந்து பார்த்தாலும் வலஞ்சுழி வலஞ்சுழியாகவே நிற்கும், அதை இடஞ்சுழியாகத் திருப்பிவிட முடியாது. ஆகவே நட்சத்திரம் ஒன்று, விசிறி ஒன்று, திருப்பம் இரண்டு என மொத்தம் 4. ஆடிப் பிம்பங்களை ஒன்றாகக் கொண்டால் 3.

முக்கோணங்களில் இந்தச் சிக்கல் எழாததற்குக் காரணம், தட்டை வடிவத்தைக் கையால் புரட்டிப் போட்டால் அதன் ஆடிப் பிம்பம் கிடைத்துவிடுகிறது என்பதே. முப்பரிமாணத்தில் அப்படிப் புரட்டுவதற்கு நான்காவது பரிமாணம் ஒன்று வேண்டும். பீட் ஹைன் அமைத்த சோமா கனசதுரப் புதிரில் ஏழு துண்டுகள் உள்ளன. அவற்றுள் இரண்டு ஒன்றுக்கொன்று ஆடிப் பிம்பங்கள், ஆனாலும் தனித்தனித் துண்டுகளாகவே எண்ணப்படுகின்றன. அட்டையால் செய்து கையில் பிடிக்கும் வடிவங்களுக்கு அந்த வழக்கமே பொருத்தம் என்று நான் கருதுகிறேன். உங்கள் இரண்டாம் குழுவின் பட்டியல் மேசைமேல் உண்மையில் இருக்கும் பொருள்களைச் சொல்கிறது.

ஐந்துக்குரிய 10ஐயும் கையாலேயே சரிபார்க்கலாம். நடுவில் ஒன்றை வைத்து நான்கு முகங்களிலும் ஒட்டினால் 1. நடுவில் உள்ளதன் மூன்று முகங்களில் ஒட்டிவிட்டு, ஐந்தாவதை அந்த மூன்றில் ஒன்றின் மேல் வைத்தால் 3: காலி முகத்தின் பக்கமாக வைப்பது ஒன்று, மற்ற இரு நான்முகிகளில் ஒன்றின் பக்கமாக வைப்பது ஆடிப் பிம்பச் சோடியாக இரண்டு. இனிச் சங்கிலி. நடுவில் இ, அதன் இருபுறமும் ஆ, ஈ. முனைகளில் அயிற்கு 3 இடங்கள், உயிற்கு 3 இடங்கள் என்பதால் மொத்தம் 9 அமைப்புகள். சங்கிலியை முன்பின்னாகத் திருப்பினால் 3 அமைப்புகள் மாறாமல் நிற்கும், மீதி 6 இரண்டிரண்டாகச் சேரும். ஆகச் சங்கிலிகள் 6, மொத்தம் 1 + 3 + 6 = 10. இவற்றில் தன் பிம்பத்தோடு தானே ஒத்துப்போகும் வடிவங்கள் 4, மீதி 6 மூன்று சோடிகள். எனவே பிம்பங்களைச் சேர்த்து எண்ணினால் 4 + 3 = 7.

அந்த நான்முகித் திருப்பத்தைப் பிள்ளைகள் ஒரே திசையில் தொடர்ந்து நீட்டிப் பார்க்கட்டும். கிடைப்பது பூர்டைக், காக்ஸீட்டர் ஆகியோர் பெயரால் அழைக்கப்படும் சுருள். பக்மின்ஸ்டர் ஃபுல்லர் அதற்கு டெட்ராஹீலிக்ஸ் என்று பெயர் வைத்தார். ஜப்பானின் மிட்டோ நகரில் கட்டடக் கலைஞர் அராதா இசோசாக்கி வடிவமைத்து 1990இல் திறக்கப்பட்ட 100 மீட்டர் உயரக் கோபுரம் இந்தச் சுருளின் வடிவில்தான் நிற்கிறது.

அல்லிமலர் மறுமொழி:

24ஆவது வடிவத்தைப் பிள்ளைகள் எவ்வளவு தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. அது தாளில் மட்டும் உள்ளது, இடத்தில் இல்லை.

நிரல் எண்ணுவது ஒட்டும் திட்டத்தை மட்டுமே, அதாவது எந்த நான்முகியின் எந்த முகத்தில் எது ஒட்டுகிறது என்ற கிளைப் படத்தை. அப்படி ஒட்டும்போது உருவங்கள் ஒன்றோடொன்று மோதுகின்றனவா என்பதை அது பார்ப்பதில்லை. ஒழுங்கு நான்முகியின் இரு முகங்களுக்கு இடையிலுள்ள கோணத்தின் கோசைன் 1/3, கோணம் ஏறத்தாழ 70.53 பாகை. ஒரு விளிம்பைச் சுற்றி ஐந்து வைத்தால் 352.64 பாகை நிரம்பி, 7.36 பாகை இடைவெளி மிஞ்சும். ஆறாவதையும் அதே வழியில் ஒட்டினால் 423.17 பாகை ஆகிவிடும். 360க்கு மேற்பட்ட 63 பாகையும் முதல் நான்முகியின் உள்ளேயே விழும். ஆறும் ஒரே விளிம்பைச் சுற்றும் அந்த ஒரு திட்டத்தை மட்டும் நீக்கினால் 24 என்பது 23 ஆகிறது. அந்தத் திட்டம் தன் ஆடிப் பிம்பத்தோடு ஒத்துப்போவது என்பதால், பிம்பங்களைத் தனித்து எண்ணும் 40 திட்டங்களிலிருந்தும் ஒன்றுதான் குறைகிறது. உங்கள் இரண்டாம் குழுவின் 39 அப்படி வந்ததே. மற்ற திட்டங்கள் எதிலும் மோதல் இல்லை. இரு குழுக்களும் எதையும் விடாமல், எதையும் இருமுறை எண்ணாமல் 39 வரை போயிருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தருகிறது. அட்டைத் துண்டுகளைக் கையில் திருப்பித் திருப்பி ஒப்பிட்டு அந்த எண்ணுக்கு வருவது எளிதான வேலையன்று.

ஐந்தின் விசிறியை வளையமாகக் கொள்ளக் கூடாது. 6 சென்டிமீட்டர் விளிம்பில் அந்த இடைவெளியின் வெளி அகலம் ஏறத்தாழ 6.7 மில்லிமீட்டர் வரும். தடித்த அட்டையின் கனமும் ஒட்டும் பட்டையின் இழுவையும் அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடுகின்றன. பிள்ளைகள் பட்டையை இழுத்தபோது நான்முகிகள் சற்றே வளைந்து கொடுத்தன, அவ்வளவுதான். விளிம்பை 12 சென்டிமீட்டராக்கிச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். இடைவெளி 13 மில்லிமீட்டரைத் தாண்டும், அட்டையின் கனம் மாறாது. அப்போது கண்ணை ஏமாற்ற எதுவும் இருக்காது.

இந்தச் சிறு இடைவெளிக்கு நீண்ட வரலாறு உண்டு. நான்முகிகள் இடத்தை இடைவெளியின்றி நிரப்பும் என்று அரிஸ்டாட்டில் எழுதியதைப் பல நூற்றாண்டுகள் அறிஞர்கள் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். 15ஆம் நூற்றாண்டில் ரெஜியோமொண்டானஸ் அதை மறுத்தார். நான்முகிகளோடு எண்முகிகளையும் கலந்தால் இடம் நிரம்பும், நான்முகிகளால் மட்டும் நிரம்பாது.

செங்கோணம்:

இரு மறுமொழிகளுக்கும் மிக்க நன்றி. நேற்று 6.7 மில்லிமீட்டர் கணக்கைப் பிள்ளைகளிடம் காட்டினேன். அவர்களே அளவுகோலை எடுத்து அளந்து பார்த்தார்கள். உடனே அடுத்த கேள்வி வந்தது. ஐந்து மூடாது என்பது சரி, ஆனால் நீண்ட சங்கிலியை வளைத்து நெளித்துக் கொண்டுபோனால் எங்கேயாவது ஒரு வளையம் கச்சிதமாக மூடுமா? மூடினால் எண்ணும் முறையே மாறிவிடும் அல்லவா? ஒரே வடிவத்தை இரு வேறு திட்டங்களால் பெற முடியும் என்றாகிவிடுமே.

பொன்னி மறுமொழி:

அந்தப் பிள்ளை கேட்டது, போலந்துக் கணிதவியலாளர் ஹூகோ ஸ்டைன்ஹௌஸ் 1957இல் எழுப்பிய கேள்வியேதான். ஸ்வியர்ச்கோவ்ஸ்கி சில ஆண்டுகளுக்குள் விடை தந்தார்: எத்தனை நான்முகிகளை எப்படிச் சேர்த்தாலும் வளையம் ஒருபோதும் கச்சிதமாக மூடாது. இதன் நிறுவலை உயர்நிலை மாணவர்கள் புரிந்துகொள்ள முடியும், அதனால் முழுமையாகவே எழுதுகிறேன்.

தொடக்க நான்முகியின் நான்கு உச்சிகளை அடிப்படையாகக் கொள்வோம். பிற புள்ளிகள் ஒவ்வொன்றையும் அந்த நான்கு உச்சிகளின் மடங்குகளைக் கூட்டி எழுதலாம், மடங்குகளின் கூடுதல் 1 ஆக இருக்க வேண்டும். ஒரு முகத்தில் புதிய நான்முகியை ஒட்டும்போது மூன்று உச்சிகள் அப்படியே இருக்க, நான்காவது மட்டும் முகத்தின் மறுபுறத்துக்குத் தாவுகிறது. தாவிய இடத்தைக் கணக்கிட, முகத்தின் மூன்று உச்சிகளின் கூடுதலை மூன்றில் இரண்டால் பெருக்கி, அதிலிருந்து பழைய நான்காவது உச்சியைக் கழிக்க வேண்டும்.

முதல் ஒட்டலில் புதிய உச்சியின் மடங்குகள் 2/3, 2/3, 2/3, −1. பகுதியில் 3 வந்துவிட்டது. அடுத்த ஒட்டலில் வந்த வழியே திரும்பிப் போகக் கூடாது, ஆகவே சற்றுமுன் பிறந்த உச்சி அடுத்த முகத்தின் மூன்று உச்சிகளில் ஒன்றாக இருந்தே தீரும். அதன் மடங்குகளை மூன்றில் இரண்டால் பெருக்கும்போது பகுதியில் 9 வரும். மற்ற உச்சிகளின் பகுதிகள் அதைவிடச் சிறியவை என்பதால் அவற்றால் இந்த 9ஐச் சுருக்க முடியாது. இப்படியே போனால், பத்தாவது ஒட்டலில் பிறக்கும் உச்சியின் பகுதி 3இன் பத்தாம் அடுக்கு. ஒவ்வோர் ஒட்டலிலும் அடுக்கு சரியாக ஒன்று கூடும், ஒருபோதும் குறையாது. தொடக்க நான்முகியின் உச்சிகளுக்கோ மடங்குகள் 0, 1 என்ற முழு எண்கள். எனவே எத்தனை ஒட்டினாலும் சங்கிலி தொடங்கிய நான்முகிக்குத் திரும்பி வராது. 70.53 என்ற கோணத்தைக்கூடத் தொடாமல், 3ஆல் வகுபடுதல் ஒன்றை மட்டும் வைத்து இது முடிந்துவிடுகிறது. இந்த நிறுவலை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுப்பதில்லை.

எண்ணுவதற்கு இதன் பயன் மிகப் பெரியது. நேரடியாக ஒட்டாத இரு நான்முகிகள் தற்செயலாக ஒரு முழு முகத்தைப் பகிர்ந்துகொள்ளும் நிலை வரவே வராது. ஆகவே ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரே ஒரு கிளைத் திட்டம்தான் உண்டு. ஆறு நான்முகிகள் என்றால் ஒட்டிய முகச் சோடிகள் எப்போதும் 5, வெளியே தெரியும் முகங்கள் எப்போதும் 24 − 10 = 14. கனசதுரங்களில் இந்த வசதி கிடையாது. நான்கு கனசதுரங்களைச் சதுரமாக வைத்தாலே வளையம் மூடிவிடுகிறது.

கச்சிதமாக மூடாது என்றாலும் மூடுவதற்கு மிக நெருங்கி வரும் சங்கிலிகள் உள்ளன. எல்கெர்ஸ்மா, வேகன் ஆகிய இருவரும் 48 நான்முகிகளால் ஆன ஒரு சங்கிலியைக் கண்டுபிடித்தார்கள். அதன் இடைவெளி கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. இன்னும் நீண்ட சங்கிலிகளில் இடைவெளியை நாம் விரும்பும் அளவுக்குச் சிறிதாக்கவும் முடியும்.

நிகரன் மறுமொழி:

பொன்னி அவர்களின் விளக்கத்துக்குப்பின் ஏழு நான்முகிகளின் கணக்கைப் பிள்ளைகளால் ஏறக்குறையத் தாளிலேயே முடிக்க முடியும் என்பதால் இதைச் சேர்க்கிறேன்.

ஒட்டும் திட்டங்களை எண்ணும் வேலையை ஹெரிங், ரீட், ஷெப்பர்ட் ஆகிய மூவரும் 1982இல் எல்லா எண்களுக்கும் சேர்த்து முடித்துவிட்டார்கள். ஏழுக்குப் பிம்பங்களை ஒன்றாகக் கொண்டால் 93 திட்டங்கள், தனித்தனியாகக் கொண்டால் 171. இவற்றில் எவை மோதுகின்றன என்பதை மட்டும் பார்த்தால் போதும். ஏழில் நிகழும் மோதல்கள் அனைத்தும் ஆறின் அந்தத் தவறான விசிறியிலிருந்தே வருகின்றன. அதாவது, விசிறியின் 14 வெளி முகங்களில் எங்கே ஏழாவதை ஒட்டினாலும் கிடைப்பது செல்லாத திட்டம். ஆனால் 14 முகங்களும் 14 வேறு திட்டங்களைத் தருவதில்லை. விசிறியின் இரு முனை முகங்களும் ஒரே வகை. மீதி 12 முகங்களில் மேலும் கீழுமாகவும் இடமும் வலமுமாகவும் நான்கு நான்காகச் சேர்ந்து மூன்று வகைகள் அமையும். ஆகச் செல்லாதவை 4, மிஞ்சுவது 93 − 4 = 89. பிம்பங்களைப் பிரித்து எண்ணும்போது விசிறியை அரைச்சுற்றுத் திருப்புவது மட்டுமே அனுமதி என்பதால் முகங்கள் இரண்டிரண்டாகத்தான் சேரும். செல்லாதவை 7, மிஞ்சுவது 171 − 7 = 164.

164 வடிவங்களை அட்டையில் செய்ய 1148 நான்முகிகள் தேவை. அதற்குப் பதிலாக உங்கள் மாணவரின் நிரலில் மோதல் சோதனையைச் சேர்ப்பதே நல்லது. தசம எண்களில் கணக்கிட வேண்டாம், பொன்னி அவர்கள் சொன்ன நெருங்கிய சங்கிலிகளைப் போன்ற இடங்களில் அவை கைவிட்டுவிடும். தொடக்க நான்முகியின் உச்சிகளை (1, 1, 1), (1, −1, −1), (−1, 1, −1), (−1, −1, 1) என்று எடுத்துக்கொண்டால், மூன்றில் இரண்டு என்ற விதிப்படி எல்லா உச்சிகளும் பின்னங்களாகவே வரும், பகுதியில் 3இன் அடுக்கு மட்டுமே இருக்கும். இரு நான்முகிகள் மோதவில்லை என்றால் அவற்றைப் பிரிக்கும் ஒரு தளம் கட்டாயம் இருக்கும். அந்தத் தளம் ஏதாவது ஒன்றின் முகத்துக்கு இணையாகவோ, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு விளிம்பு என இரு விளிம்புகளுக்கு இணையாகவோ அமையும்படி எப்போதும் தேர்ந்தெடுக்கலாம். முகங்களுக்கு 8, விளிம்புச் சோடிகளுக்கு 36 என 44 திசைகளைச் சோதித்தால் விடை ஐயத்துக்கு இடமின்றிக் கிடைத்துவிடும்.

நிரல் ஆறுக்கு 23, ஏழுக்கு 89 என்று காட்டினால் எட்டுக்குப் போகலாம். அங்கே திட்டங்கள் 434, பிம்பங்களைப் பிரித்தால் 831. ஆறின் விசிறியைத் தன்னுள் கொண்ட திட்டங்களைப் பிள்ளைகள் முதலில் கையால் எண்ணி நீக்கட்டும், பிறகு நிரல் நீக்கும் எண்ணிக்கையோடு அதை ஒப்பிடட்டும்.